பூவாத்தா கோயில் கல்லும் தீவுக் கம்பெனியும்

தம்பி,

நேற்று நான் ஒரு கூட்டத்தின் நடுவில் கையைத் தூக்கிப் பேசிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவே பேசினேன். இதை உனக்கு உடனே சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் பாதியில் தடுமாறுவேன், நீயும் "சுருக்கமாச் சொல்லுங்கப்பா" என்பாய். சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் காலைக் காப்பி குடித்த கையோடு மேசைக்கு வந்துவிட்டேன். உன் அம்மா அடுக்களையிலிருந்து, "ஏனுங்க, நேத்திருந்து தானாச் சிரிச்சுக்கிட்டே இருக்கறீங்க, ஆராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.

நீ கேட்டுக்கொண்டது எனக்கு மறக்கவில்லை. "தை பொறக்கட்டும்பா, கல்யாணம் முடியட்டும். அதுக்கப்பறம் எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் போய்ச் சொல்லுங்க" என்றாய். நியாயமான வேண்டுகோள்தான். பழனிவேலு நமக்குப் பங்காளி, உனக்கு அண்ணன் முறை. அவனுக்கு எதிராக நான் சாட்சி சொன்னால் ஒரே குலசாமியைக் கும்பிடுகிற பங்காளிகள் ஒருவரும் உன் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள். பெண் வீட்டார் முன்னால் நம் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். கல்யாணம் முடிந்ததும் சிங்கப்பூர் போகிறவன் நீ. மனதில் ஒரு காயத்தோடு போக வேண்டுமா என்று நானும் நினைத்தேன். சாட்சி சொல்வதைத் தள்ளிப்போட மருத்துவச் சான்றிதழ் வாங்கலாம் என்று நம் அஸ்தம்பட்டித் தெருமுனை கிளினிக்குக்குக்கூடப் போனேன். அன்று பார்த்து ரத்த அழுத்தம் ஒழுங்காக இருந்தது. "சார், இந்த பிரஷர் எனக்கு இருந்தா நான் சந்தோஷப்படுவேன்" என்று சிரித்து அனுப்பிவிட்டார் டாக்டர். இன்னொரு டாக்டரைத் தேடிப் போகும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

என் சுபாவம் உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் தன் லாரியை நம் கேட்டுக்கு முன்னால் நிறுத்தத் தொடங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்கூட்டரைப் பின்பக்கச் சந்து வழியாக உருட்டிக்கொண்டு போனேன். மழைக்காலத்தில் அந்தச் சந்தில் சாக்கடை நிரம்பி வழியும். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டுவேன். "நம்ம ஊட்டுக்கு முன்வாசல் இல்லீங்களாப்பா?" என்று நீ கேட்டாய். உன் அம்மாவுக்கு அப்போது வந்த சிரிப்பு இன்னும் முழுதாக நிற்கவில்லை. கல்லூரியில் முப்பது வருஷம் வருமான வரிச் சட்டம் நடத்தியவன் நான். வகுப்பில் கடைசி பெஞ்சில் பேசுகிறவர்களை அதட்டக்கூட எனக்கு வராது. அவர்கள் பேசி முடிக்கும் வரை கரும்பலகையில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

சரி, முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். பழனிவேலு திருச்செங்கோட்டில் ஒரே ஒரு போர்வெல் வண்டியோடு தொழில் தொடங்கியவன். மண்ணில் எங்கே தண்ணீர் இருக்கும் என்று கண்டுபிடிக்கும் அவன் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிறகு ஆப்பிரிக்காவுக்கு வண்டிகளை அனுப்பினான். அங்கே நன்றாக ஓடின. அந்தச் சமயத்தில் யாரோ ஓர் ஆலோசகர் அவனுக்கு ஒரு யோசனை விற்றிருக்கிறார். கடலுக்கு நடுவே ஒரு தீவு. அங்கே வரி கிடையாது. கம்பெனி யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே ஒரு கம்பெனி ஆரம்பித்து, வண்டிகளையெல்லாம் அதன் பெயருக்கு மாற்றி, ஆப்பிரிக்காவில் சம்பாதிப்பதை வாடகை என்ற பெயரில் அந்தத் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. காகிதத்தில் அந்தக் கம்பெனியின் இயக்குநர் அந்தத் தீவில் இருக்கும் ஒரு பெண்மணி. அவர் கூலிக்குக் கையெழுத்துப் போடுகிறவர். இதுபோல இன்னும் எத்தனையோ கம்பெனிகளுக்கும் அவர்தான் இயக்குநர். நம் பழனிவேலுவின் பெயர் ஒரு மூலையிலும் இருக்காது. இங்கே சேலத்தில் அவன் காட்டிய வருமானமோ ஒரு சுமாரான மளிகைக்கடைக்காரருடைய வருமானம்.

இவ்வளவு கச்சிதமாக மறைத்தவன் ஒரு காரியம் செய்தான் தம்பி. எதைத் தொடங்கினாலும் குலசாமி பூவாத்தா பெயரில்தானே தொடங்குவோம்? வண்டிக்கும் அவள் பெயர், வீட்டுக்கும் அவள் பெயர். எங்கோ இருக்கும் தீவில், தனக்குச் சம்பந்தமே இல்லை என்று காட்ட வேண்டிய கம்பெனிக்கு, "பூவாத்தா ஓவர்சீஸ் லிமிடெட்" என்று பெயர் வைத்தான்! ஆலோசகர் வேறு பெயர் சொல்லிப் பார்த்திருக்கிறார். "ஆத்தா பேரு இல்லாத தொழிலு வெளங்காதுங்க" என்று இவன் பிடிவாதமாக நின்றுவிட்டான். அந்தத் தீவுப் பெண்மணி பூவாத்தாவை எப்படி உச்சரித்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

அதோடு விட்டானா? சேந்தமங்கலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் கோயிலுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்தான். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் உபயக் கல்லில் பொறிக்க வாசகம் எழுதித் தரச் சொல்லி நம் வீட்டுக்கு வந்தான். பங்காளிகளில் தமிழ் பிழையில்லாமல் எழுதுகிறவன் நான் என்று ஒரு பெயர் இருக்கிறது அல்லவா.

"சித்தப்பா, கல்லுல கம்பெனி பேரு வரோணும். பணம் அங்கிருந்துதான் வந்துச்சு. ஆத்தாகிட்டப் பொய் சொல்லக் கூடாது பாருங்க" என்றான்.

"கம்பெனி பேர் மட்டும் போதுமா?" என்று கேட்டேன்.

"அதெப்புடிங்க போதும்? அது ஆரு கம்பெனின்னு ஆத்தாளுக்குத் தெரிய வேண்டாமா? வேற எவனுக்காச்சும் புண்ணியத்தைக் குடுத்துட்டான்னா?"

எனக்கு எதையும் சரியாக எழுத வேண்டும். "உரிமையாளர்னு போடவா, பங்குதாரர்னு போடவா? வேறு யாராவது கூட்டு இருந்தா பங்குதாரர்தான் சரி" என்றேன்.

"ஒருத்தரும் கூட்டு இல்லீங்க. மொத்தமும் நாந்தேன்."

"அப்படின்னா முழு உரிமையாளர்."

"ஆமாங்க சித்தப்பா, அதுதான் எடுப்பா இருக்குது. அப்புடியே போடுங்க!"

போட்டுக் கொடுத்தேன். தீவின் பெயர், கம்பெனியின் பெயர், அதன் முழு உரிமையாளராகிய பழனிவேலுவின் பெயர் எல்லாம் கருங்கல்லில் ஏறித் தங்க வண்ணம் பூசிக்கொண்டன. அந்தத் தீவின் பெயரை எழுதும்போது எனக்கு உள்ளே ஒரு கேள்வி எழுந்தது உண்மைதான். வெளிநாட்டில் கம்பெனி வைத்திருப்பது குற்றமில்லை. கணக்கில் காட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். காட்டினாயா என்று கேட்க எப்போதும்போல வாய் வரவில்லை.

பிறகு அந்தத் தீவுக் கம்பெனியின் வங்கிக் கணக்கு விவரம் எப்படியோ நம் அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்தது. நாடுகள் இப்போது ஒன்றுக்கொன்று இந்த விவரங்களைக் கொடுத்துக்கொள்கின்றன. கணக்கு இருக்கிறது, ஆனால் யாருடையது? அந்தப் பெயரைப் பார்த்த ஓர் அதிகாரிக்கு, பூவாத்தா என்பது நாமக்கல் பக்கத்துப் பெயர் ஆயிற்றே என்று பொறி தட்டியிருக்கிறது. விசாரித்துக்கொண்டே கோயிலுக்கு வந்திருக்கிறார். கல் வாசலிலேயே நின்று அவரை வரவேற்றிருக்கிறது! யார் எழுதிய வாசகம் என்று சிற்பியைக் கேட்டபோது, "அஸ்தம்பட்டி வாத்தியாரு எழுதிக் குடுத்ததுங்க" என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். சம்மன் நம் வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

முதல் நாள் சேலம் கோர்ட்டில் நான் சாட்சி சொல்லத் தொடங்கியதுமே பழனிவேலுவின் வக்கீல் எழுந்தார். கல்லின் புகைப்படமே கம்ப்யூட்டரில் செய்த பொய்ப் படம் என்றார். அந்தக் கம்பெனியை அவருடைய கட்சிக்காரர் கேள்விப்பட்டதே இல்லையாம். நீதிபதி ஓர் அம்மையார், அதிகம் பேசாதவர். "கல் எங்கேயும் ஓடிப் போகாதே, நேரில் போய்ப் பார்த்துவிடலாம்" என்றார்.

நேற்றுக் காலை நீதிபதி, வக்கீல்கள், பழனிவேலு, பங்காளிகள், நான் எல்லோரும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கல்லைக் காணோம்! கல் இருந்த இடத்தில் ஒரு சாமி இருந்தது. மேலிருந்து கீழ் வரை மஞ்சளும் எண்ணெயும் அப்பி, மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகி, முன்னால் விளக்கு. பங்காளிகள் முன்தினம் செய்த வேலை. அதற்குள் இரண்டு பெண்கள் எலுமிச்சம்பழ விளக்கோடு அதைச் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "நகருங்க சாமி, சுத்தற வழியில நிக்காதீங்க" என்றாள்.

வக்கீல் மிகுந்த பணிவோடு சொன்னார்: இது கல்வெட்டு இல்லை, மக்கள் கும்பிடும் தெய்வம், துணியை உருவினால் பக்தர்களின் மனம் புண்படும். நம் ராமசாமி அண்ணன், பங்காளிகளுக்கெல்லாம் மூத்தவர், "ஆத்தா மேல கை வெக்கறவன் குடும்பம் வெளங்காது" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீதிபதி செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, அந்த மஞ்சள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தர்மசங்கடம்தான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எல்லோரும் திரும்பிப் போயிருப்போம். வழக்கும் அந்த மஞ்சளுக்குள்ளேயே உறங்கியிருக்கும். உன் கல்யாணத்துக்கு எல்லோரும் வந்திருப்பார்கள். நான் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்காது. பேசாமல் நின்றால் போதும். அது எனக்கு நன்றாகப் பழகிய வேலை.

எனக்கு அப்போது, அந்தச் சந்துச் சாக்கடையில் நனைந்த உன் பள்ளிக்கூடப் பையின் ஈர நாற்றம் ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. கையைத் தூக்கினேன் தம்பி. வகுப்பில் மாணவன் தூக்குவதுபோல.

"சாமியென்றால் அபிஷேகம் உண்டல்லவா?" என்றேன்.

குரல் கிரீச்சென்று வந்தது. யாருக்கும் புரியவில்லை என்று தோன்றியதால் மறுபடியும் சொன்னேன். பூசாரி மாரப்பன் முதலில் விழித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஆமாங்க! நேத்திருந்து சாமி பட்டினியா இருக்குதுங்க. அபிசேகம் பண்ணாத வெறுமன வெளக்கு மட்டும் வெக்கப்படாதுங்க" என்றார்.

நீதிபதி வக்கீலைப் பார்த்தார். "இது சாமிதானே?" என்றார். இல்லை என்றால் அது கல். ஆமென்றால் குளிக்க வேண்டும். "சாமிதான் மேடம்" என்றார் வக்கீல் மெல்ல.

"கட்டுன துணியோட எப்புடிங்க தண்ணி ஊத்தறது" என்று முணுமுணுத்துக்கொண்டே மாரப்பன் துணியை அவிழ்த்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். சீயக்காய் போட்டு எண்ணெயைப் போக்கினார். அந்தப் பெண்களில் ஒருத்தி ஓடிப்போய்ப் பால் வாங்கி வந்தாள். மஞ்சள் வழிய வழிய எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. முதலில் "பூவாத்தா", பிறகு "ஓவர்சீஸ்", பிறகு அந்தத் தீவு. தங்க வண்ணம் கொஞ்சம்கூடப் போகவில்லை, அவ்வளவு நல்ல வண்ணமாகப் பார்த்துப் பூசச் சொல்லியிருந்தான் அவன். மேலே பால் ஊற்றியபோது மணி அடித்தது. பழக்க தோஷம், எல்லோரும் கும்பிட்டார்கள். பழனிவேலுவும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது "முழு உரிமையாளர்" என்பதற்குக் கீழே அவன் பெயர் ஈரத்தோடு மின்னிக்கொண்டிருந்தது.

நீதிபதி என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். குரல் நடுங்கவில்லை. நான் எழுதிய வாக்கியம் அல்லவா, அதில் ஒரு பிழையும் இல்லை. மதியம் கோர்ட்டில், "'முழு' என்ற சொல்லை ஏன் சேர்த்தீர்கள்?" என்று கேட்டார்கள். "வேறு பங்குதாரர் இல்லை என்று அவரே சொன்னார், துல்லியமாக இருக்கட்டும் என்று சேர்த்தேன்" என்றேன். இறங்கும் முன் இன்னொன்றும் சொல்லிவிட்டேன்: "இந்த யோசனையை விற்றவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை அம்மா, அவரையும் கூப்பிட வேண்டும்." நீதிபதி, "சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம்" என்றார். ஆனால் பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அது என் வாக்கியமாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன். ஒருவேளை வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆனால் நினைத்துப் பார். எனக்கு வரும் ஓய்வூதியத்தில் வரி பிடித்த பிறகுதான் மீதி வருகிறது. பழனிவேலுவின் வண்டியில் வெயிலில் குழாய் இறக்குகிற ஆள் வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. அவனுக்குத் தீவு கிடையாது. வரியைச் சட்டத்துக்குள் குறைத்துக்கொள்வதை நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது தவறே இல்லை. தன்னுடையதைத் தன்னுடையது இல்லை என்று சொல்வதுதான் தவறு. வசதி கூடினால் அந்தப் பொய்யைச் சொல்லித் தரவும் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அப்படிப்பட்ட ஒருவரை நாமக்கல் பக்கத்து ஒரு சின்னக் கோயிலில் சட்டம் நிற்க வைத்துக் கேட்டதே, அதை நான் பார்த்தேனே! நீ சிங்கப்பூர் போகிறாய். கெட்டிக்காரர்கள் பலர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து உனக்கும் இப்படி யோசனை சொல்வார்கள். ஒன்றை மட்டும் கேட்டுப் பார்த்துக்கொள்: இதை நம் கோயில் கல்லில் என் பெயரோடு எழுதலாமா? எழுதலாம் என்றால் செய். தயங்கினால் எழுந்து வந்துவிடு.

கோயிலிலிருந்து கிளம்பும்போது ராமசாமி அண்ணன் என்னிடம், "வாத்தியாரே, பையன் கல்யாணத்துக்கு ஆளுங்களைக் கூலிக்குப் புடிச்சுக்க" என்றார். அதுவரை பறந்துகொண்டிருந்தவன் அங்கேதான் தரைக்கு வந்தேன். உன்னைக் கேட்காமல் உன் பந்தலை நான் பணயம் வைத்துவிட்டேன். செய்த காரியத்துக்கு வருந்தவில்லை, கையைத் தூக்கும் முன் உன்னை ஒரு வார்த்தை கேட்க முடியவில்லையே என்றுதான் வருத்தம். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "வாரவங்க வரட்டும். மிச்ச எலைக்கு நாம் ரெண்டு பேரும் ரெண்டு தடவை உக்காந்துக்கலாம்" என்றாள்.

இந்தக் கடிதத்தைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பழனிவேலு. திட்டப் போகிறான் என்று நினைத்து உன் அம்மாவிடம் கொடுக்கப் பார்த்தேன், அவள் வாங்கவில்லை.

"சித்தப்பா, பத்திரிகை அடிச்சாச்சுங்களா?" என்றான்.

"இல்லை பழனி. இன்னும் அச்சகத்துக்கே போகலை."

"என்ற பேரு இருக்குதுங்களா?"

"இருக்குது. பங்காளிங்க வரிசையில."

"அந்த யோசனை சொன்ன ஆளு இப்ப என்ற போனையே எடுக்கறதில்லீங்க" என்றான், சம்பந்தமில்லாமல். ம் என்றேன். "நான் கல்யாணத்துக்கு வந்தா உங்களுக்குச் சங்கட்டமுங்களா?" என்றான்.

"நீ வராட்டித்தான் சங்கட்டம்."

"செரீங்க. பாக்கறேனுங்க." வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "சித்தப்பா, பேருக்கு முன்னாடி பின்னாடி ஒண்ணும் போட்டுராதீங்க. தொழிலதிபர் அது இதுன்னெல்லாம். வெறும் பேரு போதுமுங்க."

அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அவன் வருவானா என்று தெரியாது. நீ சரி என்று சொன்னால் பத்திரிகை அச்சுக்குப் போகும். வேண்டாம் என்றாலும் எனக்குச் சொல், உன் கல்யாணம் அது. அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையைப் பூவாத்தாவின் காலடியில் வைப்பேன். இரண்டாவதை ராமசாமி அண்ணன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன். அவர் கதவைத் திறப்பாரோ, முகத்தில் அடித்ததுபோல் சாத்துவாரோ, தெரியவில்லை. ஆனாலும் தம்பி, முன்வாசல் வழியாகத்தான் போவேன்.

உன் அப்பா